டயருக்குக் காத்துப் பார்க்கிற நேரம்

டயருக்குக் காத்துப் பார்க்கணும்னா விடியற்காலையிலே பார்க்கணும். வெயில் ஏறி, வண்டி நாலு மைல் ஓடினப்பறம் பார்த்தா டயர் பொய் சொல்லும். உள்ளே இருக்கற காத்து சூட்டிலே பெருத்துண்டு, குறைச்சலா இருக்கறதைக்கூடச் சரியா இருக்கற மாதிரி காட்டும். வருஷக்கணக்கா வண்டி ஓட்டறவாளுக்கே இது தெரியறதில்லை. உங்க ஜீப்பையே எடுத்துக்கோங்கோ. பின்பக்கம் இடது டயர் உட்கார்ந்திருக்கு. நீங்க வாசல்லே நிறுத்தறச்சயே பார்த்துட்டேன். திரும்பிப் போறச்சே எங்கேயாவது காத்து அடிச்சுக்கச் சொல்லுங்கோ.

காபி ஆறிண்டிருக்கு, குடிங்கோ. நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றேன். ஆனா நடுவிலேர்ந்து சொல்ல எனக்கு வராது. முதல்லேர்ந்து சொன்னாத்தான் நான் புத்தி பேதலிச்சுப் போய் ஒண்ணும் பண்ணலைன்னு உங்களுக்குப் புரியும்.

என் பேர் பர்வதம். எங்காத்துக்காரர் பேரை என் வாயாலே சொல்ற வழக்கமில்லை. கேட்டிலே பலகை மாட்டியிருக்கு, அதைப் பார்த்து எழுதிக்கோங்கோ. அவருக்கு மத்த மிராசுதார் மாதிரி சீட்டு, கச்சேரி, கோர்ட்டு வழக்குன்னு எதுவும் கிடையாது. கார்தான். கறுப்பு அம்பாசிடர். டிரைவர் வெச்சுக்கலை, தானே ஓட்டுவார். தானே துடைப்பார். ஞாயித்துக்கிழமை விடிஞ்சும் விடியாமலும் வேஷ்டியை மடிச்சுக் கட்டிண்டு டயர் பக்கத்திலே குந்தி உட்கார்ந்துடுவார்.

நான் இந்தாத்துக்கு வந்த நாளா அவர் என்கிட்டே பேசினதெல்லாம் சேர்த்தா ஒரு கை வார்த்தை தேறும். ரசம், மோர், விளக்கை அணை. குணம் கெட்ட மனுஷர் இல்லை. ஒரு நாள் கை ஓங்கினதில்லை. பேசத் தோணலை, அவ்வளவுதான். குழந்தை குட்டியும் இல்லை. அவர் சாப்பிட்டு எழுந்த இலையிலே உட்கார்ந்து நான் சாப்பிடுவேன். எங்க பக்கத்திலே அப்படித்தான். உங்களுக்கு அது அடிமைத்தனமாப் படலாம். எனக்கு அது அவரோட உட்கார்ந்து பேசற மாதிரி. எதை மிச்சம் வெச்சிருக்கார், எதை வழிச்சுச் சாப்பிட்டிருக்கார்னு பார்த்துப் பார்த்துத்தான் அவரை நான் தெரிஞ்சுண்டேன்.

அப்பறம் அவருக்குக் கண்ணிலே புரை விழ ஆரம்பிச்சது. ஒரு ஞாயித்துக்கிழமை காத்துப் பார்க்கற கேஜைக் கையிலே வெச்சுண்டு வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துண்டிருந்தார். நம்பர் தெரியலை. நான் கோலம் போட்டுண்டிருந்தேன். "பர்வதம், இங்கே வா"ன்னார். அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கோலப்பொடியோட கையை உதறிண்டு ஓடினேன்.

அன்னிலேர்ந்து ஞாயித்துக்கிழமைதான் எனக்குக் கிழமை. கேஜைப் படிச்சுச் சொல்றது என் வேலை. டயர் ரெண்டு ஓரமும் தேய்ஞ்சா காத்துக் குறைச்சல், நட்ட நடுவிலே தேய்ஞ்சா காத்து ஜாஸ்தின்னு சொல்லிக் குடுத்தார். பள்ளத்திலே விரலை விட்டு ஆழம் பார்க்கணும்னு என் விரலைப் பிடிச்சு அவரே உள்ளே வெச்சுக் காமிச்சார். கல்யாணத்திலே பாணிக்கிரகணத்துக்குப் பிடிச்சது, அதுக்கப்பறம் வெளிச்சத்திலே அவர் என் கையைப் பிடிச்சது டயர் பக்கத்திலேதான். சிரிக்காதேங்கோ. சிரிக்கலையா? சரி.

டயர் இடுக்கிலே கல் மாட்டிண்டு இருக்கும். அதை விட்டு வெச்சா உள்ளே போய்ப் போய் ரப்பரைத் தின்னுடும். நான் கொண்டை ஊசியை உருவி ஒவ்வொண்ணா நெம்பி எடுப்பேன். "பேஷ்"னார் ஒரு நாள். அந்த ஊசியை நான் அப்பறம் தலையிலே வெச்சுக்கலை. அதுக்குன்னே ஒதுக்கிட்டேன். வால்விலே காத்துக் கசியறதான்னு பார்க்க ஒரு சொட்டு ஜலம் வெச்சாப் போதும், கசிஞ்சா குமிழி விடும். அதுக்குன்னு ஒரு பழைய உத்தரணி, பூஜையிலே ஜலம் எடுக்கற சின்னக் கரண்டி, வெச்சிருந்தேன். நான் சொட்டு விடுவேன். ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுண்டு அந்தச் சொட்டைப் பார்ப்போம். ஒரு டயருக்கு அரை நிமிஷம். எங்க ரெண்டு பேர் தலையும் பக்கத்திலே பக்கத்திலே இருக்கும்.

டயர் அஞ்சும் ஒண்ணுபோலத் தேயணும். அதுக்காக முன்னாலே ஓடினதைப் பின்னாலே மாட்டி, டிக்கியிலே படுத்துண்டிருக்கற ஸ்டெப்னியை வெளியிலே எடுத்து ஓட விடணும். எது எங்கே போகணும்னு சாக்கட்டியாலே உள்பக்கம் நம்பர் போடறதும் நான்தான். ஸ்டெப்னிக்கு நம்பர் கிடையாது, பெருக்கல் குறி. இதை நன்னா எழுதிக்கோங்கோ, பின்னாலே வரும்.

இப்போ ஊர் சமாசாரத்துக்கு வர்றேன். ஆட்சி மாறினதிலேர்ந்து ஊரே தலைகீழாப் போச்சு, உங்களுக்குத் தெரியாததில்லை. சேரியிலே கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டா. ஒருத்தர் இவ்வளவு நிலம்தான் வெச்சுக்கலாம்கற சீலிங்கைச் சர்க்கார் குறைச்சது. மேலத்தெரு சந்தானகிருஷ்ணன் தன் நிலத்தை மாட்டுக்காரன், சமையக்காரன், செத்துப்போன அத்தைன்னு பேர் பேரா எழுதி ஒளிச்சு வெச்சார். இவர் அதெல்லாம் பண்ணலை. நிலத்தைப் பத்தி யோசிக்கவே இல்லை. யோசிக்க வெச்சது போன தை அறுவடை.

கும்பகோணத்துக்குக் கண் டாக்டர்கிட்டே போயிட்டு வந்துண்டிருந்தோம். மங்கலாத் தெரிஞ்சாலும் பழகின ரோடுன்னு அவரேதான் ஓட்டினார். மண்ணியாத்துப் படுகையிலே ரோட்டை அடைச்சுண்டு நின்னா. சிவப்புக் கொடி, கையிலே அரிவாள். சந்தானகிருஷ்ணன் வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுவடையை முடிச்சுட்டார்னு கோபம். எந்தக் கார்னு பார்க்கலை. கார்னாலே மிராசுதார். புஸ்ஸுன்னு ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாச் சாஞ்சது. யாரோ அரிவாள் மூக்காலே டயர் பக்கவாட்டிலே இழுத்துட்டா.

நான் தாலியைப் பிடிச்சுண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தை விலக்கிண்டு ஒருத்தன் வந்தான். பேன்ட் போட்டுண்டிருந்தான். எங்க பண்ணையிலே வேலை பார்த்த அய்யாவுவோட பிள்ளை, வீரையன். கும்பகோணத்திலே லாரி ஷெட்டிலே வேலை கத்துண்டவன். ஜன்னல்கிட்டே குனிஞ்சு, "ஜாக்கி எங்க சார் இருக்கு?"ன்னு கேட்டான்.

அவன் அப்பன் "சாமி"ம்பான். இவன் "சார்"னான். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் மூஞ்சியைப் பார்க்கணுமே, பொட்டுனு திறந்துண்டது. அத்தனை அரிவாளும் சுத்தி நிக்க, ரெண்டு பேருமா டயரை மாத்தினா. இவர் ஸ்பேனரை நீட்ட, அவன் வாங்கிண்டான். அந்த இடத்திலே உதவி பண்ணத் தெரிஞ்ச மூணாவது ஆள் நான்தான். காரை விட்டு இறங்காதேன்னு என்னைப் பார்த்துக் கையைக் காமிச்சுட்டார்.

ஒரு கம்ப்ளெயின்ட் குடுக்கலை அவர். யார் கையிலே இருந்த அரிவாள்னு தான் பார்க்கலைன்னுட்டார். வெட்டின டயருக்குள்ளே பட்டை ஒட்டி, ட்யூபைப் பஞ்சர் பார்த்து, டிக்கியிலே போட்டா. வெளியிலே வெட்டு அப்படியே இருந்தது, ஒரு விரல் நீளம். பிரிச்சுப் பார்த்தா நூல் தெரியும். புது டயருக்குச் சொல்லி வெச்சிருந்தது, கடைசி வரைக்கும் வரலை. "இது ஆபத்துக்குத்தான். ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து, பின்னாலே மாட்டிண்டு, மாட்டு வண்டி வேகத்திலே ஆத்துக்கு வந்து சேரலாம். பாரம் ஏத்தப்படாது. முன்னாலே போடவே படாது"ன்னு சொன்னார். என்கிட்டே இல்லை, அவன்கிட்டே சொன்னார். நான் பக்கத்திலே நின்னுண்டு கேட்டேன்.

ஆமாம், அதுக்குள்ளே அவன் வர ஆரம்பிச்சுட்டான். டாக்டர் கார் ஓட்டப்படாதுன்னு சொன்னதும், வீரையனை டிரைவரா வெச்சுண்டார். ஜாதி ஜாதின்னு நீங்க நினைச்சுண்டா அது தப்பு. எனக்கு அதெல்லாம் கிடையாது. அவனுக்கு நான்தான் காபி குடுப்பேன். தனி டம்ளர்தான், அது வழக்கம். அவனும் மரியாதையான பையன். பையன்னா சின்னவன் இல்லை, கல்யாணம் ஆனவன். சிரிச்ச மூஞ்சி. ஒரு குறை சொல்ல முடியாது. குறை இருந்திருந்தா எனக்கு எவ்வளவோ சுலபமா இருந்திருக்கும்.

முதல் ஞாயித்துக்கிழமை நான் கேஜை எடுத்துண்டு வந்தேன். "நீ போய்க் காரியத்தைப் பாரு, வீரையன் படிப்பான்"னார். ரெண்டாவது வாரம் அவன் கல் நெம்பறதுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்தான். அவர் என்னைக் கூப்பிட்டு, ஆசையாத்தான் சொன்னார், "இனிமே உன் கொண்டை ஊசியை நீயே வெச்சுக்கலாம், பர்வதம்." அந்த வாக்கியத்தை மூணு நாள் மென்னுண்டிருந்தேன். மிஞ்சினது சாக்கட்டியும் உத்தரணியும்.

சமையலறை ஜன்னல் வழியாப் பார்த்தாக் கார் ஷெட் தெரியும். ரெண்டு பேரும் பேசிண்டே இருப்பா. டயரிலே ஆரம்பிச்சு எங்கெங்கேயோ போகும். அவர் காலேஜிலே படிச்சது, அவன் லாரியிலே விஜயவாடா போனது, கூலி, நிலம். என்கிட்டே ஒரு கை வார்த்தை பேசினவர் அவன்கிட்டே மூட்டை மூட்டையா அவிழ்த்துக் கொட்டிண்டிருந்தார். பொறாமையான்னு கேக்கறேள். பொறாமைதான். அதுக்கு வேற நல்ல பேர் வெச்சுச் சொல்ல எனக்குத் தெரியலை. அடுப்பிலே என்ன வேகறதுன்னு தெரியாம வயிறு எரிஞ்சுண்டு நின்னிருக்கேன்.

அப்படிப் பேசிப் பேசித்தான் நிலமும் வந்தது. தெற்குவெளியிலே ரெண்டு வேலி நிலத்தை அய்யாவு பேருக்கும் இன்னும் ரெண்டு மூணு பேருக்கும் நிஜமாவே எழுதிக் குடுத்துடறதுன்னு தீர்மானம் பண்ணினார். முதல்லே அய்யாவுவோடது. பினாமி இல்லை, நிஜம். சந்தானகிருஷ்ணன் வாசல்லே நின்னு, "உன்னாலே நாங்க எல்லாரும் தெருவிலே நிக்கப் போறோம்"னு கத்திட்டுப் போனார். அதனாலேதான் நீங்க அவரைக் கூட்டிண்டு போய் ஸ்டேஷன்லே உட்கார வெச்சிருக்கேள். விட்டுடுங்கோ. வாய்தான் அவருக்கு. நிலத்தை எழுதறதை எதிர்த்து நான் ஒரு வார்த்தை சொல்லலை. நிலம் போனா எனக்கென்ன? நிலத்துக்காக ஒருத்தி இப்படிப் பண்ணுவாளா?

பண்ணினது ஒரு சொட்டுக்காக.

புரட்டாசியிலே ஒரு ஞாயித்துக்கிழமை. உத்தரணியிலே ஜலம் எடுத்துண்டு ஷெட்டுக்குப் போனேன். நான் வர்றதுக்கு ரெண்டடி இருக்கு. வீரையன் வால்வைப் பார்த்தான். நாக்கிலே ஆள்காட்டி விரலைத் தொட்டான், வால்வு மேலே வெச்சான். லாரி ஷெட்டிலே அப்படித்தான் பண்ணுவாளாம். எச்சில் குமிழி விடலை. "கசியல சார்"னான். எங்காத்திலே எச்சில் கை பட்டா ஸ்பூனைக்கூடப் புளி போட்டுத் தேய்க்கறது. அவர் கோவிச்சுப்பார்னு பார்த்தேன். அவர் கடகடன்னு சிரிச்சார். "இத்தனை நாளா இதுக்குப் போய் உத்தரணி தேடிண்டிருந்தோமேடா"ன்னு சொல்லிண்டே தன் விரலை நாக்கிலே வெச்சு எடுத்து, அதே வால்விலே, அவன் விரல் வெச்ச இடத்திலேயே வெச்சுப் பார்த்தார்.

தீட்டுன்னு எனக்குக் கோபம் இல்லை. தீட்டுக்கு ஒரு முழுக்குப் போட்டாப் போச்சு. அவர் எச்சில்லே பங்கு கேட்கற பாத்தியதை இந்த லோகத்திலே எனக்கு ஒருத்திக்குத்தான் உண்டுன்னு நினைச்சுண்டிருந்தேன். அவர் இலையிலே உட்கார்ந்து சாப்பிட்டவ நான். அன்னிக்கு உத்தரணி ஜலத்தைத் துளசிச் செடியிலே ஊத்திட்டு உள்ளே வந்தேன். அவர் திரும்பிப் பார்க்கலை.

அப்பறம் ஆயுத பூஜை வந்தது. எங்காத்திலே அன்னிக்கு சக்கரம் அஞ்சையும் கழட்டி, காரைச் செங்கல் மேலே நிறுத்திடுவா. சக்கரங்களை நன்னாத் தேய்ச்சு அலம்பி, கூடத்திலே வாழையிலை போட்டு வரிசையாச் சாத்தி வெச்சு, ஜாக்கி, ஸ்பேனர், கேஜ் எல்லாத்தையும் முன்னாலே வெச்சு சந்தனம், குங்குமம் இட்டுப் பூஜை. பூஜையிலே வெச்சதை அன்னிக்கு யாரும் தொடப்படாது. மறுநாள் விஜயதசமி, புனர் பூஜை ஆனப்பறம்தான் எடுத்து மாட்டறது. சக்கரத்தை இடம் மாத்தறதுக்கும் அதுதான் நாள். அலம்பறது வீரையன். நம்பர் போடறது, சந்தனம் இடறது நான். கூடத்துக்குள்ளே அவன் வரமாட்டான், அதுவும் வழக்கம். வாசப்படியோட நின்னு சக்கரத்தை உருட்டி விட்டான், நான் வாங்கிச் சாத்தினேன்.

வெட்டு டயரிலே இருந்த பெருக்கல் குறியை ஈரத்துணியாலே துடைச்சேன். 'ஒண்ணு'ன்னு போட்டேன். ஒண்ணுன்னா முன்பக்கம் இடது. முன்னாலே இடது பக்கம் போகவேண்டிய நல்ல டயருக்குப் பெருக்கல் குறி போட்டேன். டிக்கியிலே நல்ல டயர் இருக்கச்சே வெட்டு டயர் எப்படி முன்னாலே வந்ததுன்னு நீங்க ஒருத்தர்தான் கேட்டேள். புத்திசாலி நீங்க. நான் போட்ட சாக்கட்டி எழுத்தெல்லாம் ஆத்து ஜலத்திலே போயிருக்கும், எனக்குத் தெரியும்.

வெட்டை அடைக்கறதுதான் சிரமமான வேலை. வெறும் சந்தனம் காய்ஞ்சா வெடிச்சு உதிரும். மைதாக் கூழ் காய்ச்சி, கண்மையைக் குழைச்சுக் கறுப்பாக்கிண்டேன். அந்தக் கொண்டை ஊசியாலே நூல் தெரியாத அளவுக்கு உள்ளே திணிச்சுத் திணிச்சு, மேலே வழவழன்னு நீவி விட்டேன். காயற வரைக்கும் விசிறியாலே வீசினேன். அதுக்கு மேலே கட்டைச் சந்தனம், நடுவிலே குங்குமம். அஞ்சு டயருக்கும் அதே இடத்திலே, அதே அளவிலே. யாருக்கும் ஒண்ணு தனியாத் தெரியப்படாது. நடுக்கமா? இல்லை. ரொம்ப நாளைக்கப்பறம் டயர் வேலை கிடைச்சிருக்கேன்னு கை ஆசையாப் பண்ணித்து.

விஜயதசமி காலையிலே அவர் கண்ணைக் கிட்டே கிட்டே கொண்டுபோய் நம்பரைப் படிச்சார். "ஒண்ணு இந்தாடா, ரெண்டு இந்தா"ன்னு வாசப்படிக்கு உருட்டினார். வீரையன் வாங்கினான். "அம்மா போட்ட நம்பருதானே சார், தப்பாதுங்க"ன்னான். அந்த வார்த்தையைக் கேட்டு ஒரு நிமிஷம் எனக்கு என்னமோ பண்ணித்து. மாட்டி முடிச்சதும் அவர் வழக்கம்போல ஒவ்வொரு டயரையும் உள்ளங்கையாலே தடவிண்டு வந்தார். முன்பக்கம் இடதுக்கு வந்தார். விரல் சந்தனத்திலே பட்டது. பூஜைச் சந்தனத்தைச் சுரண்டறது பாவம், தானா உதிரணும். கையை எடுத்துக் கண்ணிலே ஒத்திண்டார். அவனும் ஒத்திண்டான்.

மறுநாள் ஏகாதசி விரதம், கார் எடுக்கலை. அதுக்கு அடுத்த நாள் துவாதசி, திருப்பனந்தாளிலே பத்திரப் பதிவு. எனக்குச் சொல்றதுக்கு ரெண்டு நாள் இருந்தது. இதையும் எழுதிக்கோங்கோ, நான் மறைக்கலை.

அன்னிக்குக் காலையிலே அய்யாவு குடும்பத்தோட வந்தான். அவன் பெண்டாட்டி கண்ணாத்தாள், வீரையன் பெண்டாட்டி தங்கம்மாள். அவளுக்கு அஞ்சு மாசம். அவாளை பஸ்ஸிலே வரச் சொல்லியிருக்கலாம். இவர்தான், "காரிலேயே போகணும், நிலத்துக்காரா பஸ்ஸிலே போறதாவது"ன்னு பிடிவாதம் பிடிச்சார். கண்ணாத்தாள் சீட்டிலே உட்காராமக் கீழே உட்காரப் பார்த்தா. "மேலே உட்காருடி"ன்னு நான்தான் சொன்னேன். எல்லாருக்கும் குங்குமம் குடுத்தேன். முன் டயர் ரெண்டுக்கும் அடியிலே எலுமிச்சம்பழம் வெச்சேன். நாலு பேர் ஏறி உட்கார்ந்ததும் டயர் எவ்வளவு அமுங்கறதுன்னு பார்த்தேன். பழக்கம்.

இவரும் ஏறக் கதவைத் திறந்தார். கையெழுத்துப் போட வேண்டியவர் இவர்தானே. "துவாதசிப் பாரணை பண்ணாமக் கிளம்பப்படாது. அகத்திக்கீரை ஆயிடுத்து, இலை போட்டாச்சு. அவாளை முதல்லே விட்டுட்டு வண்டி திரும்பி வரட்டும்"னேன். அவர் முணுமுணுத்தார். அய்யாவு, "சாமி சாப்புட்டே வரட்டுங்க, நாங்க அங்க காத்திருக்கோம்"னான். வீரையன் சிரிச்சுண்டே, "அரை மணியில வந்துர்றேன் சார்"னான். பழம் நசுங்கித்து. வண்டி போச்சு.

அவர் சாப்பிட்டு எழுந்தார். நான் அவர் இலையிலே உட்கார்ந்தேன். பாதி சாப்பிட்டிருப்பேன், வாசல்லே ஓட்டமும் சத்தமும். படுகை ரோடு திரும்பறச்சே முன் டயர் வெடிச்சு, வண்டி மண்ணியாத்துக்குள்ளே போயிடுத்து. ஐப்பசித் தண்ணி, கரை முட்டப் போயிண்டிருந்தது. நாலு பேரும் போயிட்டா. அவர் செருப்புக்கூடப் போட்டுக்காம ஓடினார். நான் எழுந்துக்கலை. பாதி இலையிலே எழுந்துக்கப்படாது. மோர் விட்டுண்டு சாப்பிட்டு முடிச்சு, இலையை மடிச்சுப் போட்டேன்.

நீங்க கேட்கப் போறது எனக்குத் தெரியும். சாகடிக்கணும்னு நினைச்சேனா? இல்லைன்னுதான் இத்தனை நாளா எனக்கு நானே சொல்லிண்டிருந்தேன். வழியிலே காத்து இறங்கும், வண்டி நிக்கும், அவர் கோவிச்சுப்பார், "பர்வதம் இருந்தா இப்படி ஆகியிருக்குமா"ன்னு நினைச்சுப்பார். அவ்வளவுதான்னு. அப்படின்னா அவரை ஏன் காரிலே ஏறவிடலைங்கறேள். துவாதசி, அதனாலேதான்.

இல்லை. வேண்டாம். நீங்க எழுதறதிலே பொய் இருக்க வேண்டாம். தெரிஞ்சுதான் பண்ணினேன். வெடிக்கும்னு தெரியும், எங்கே வெடிக்கும்னும் ஏறக்குறையத் தெரியும். அந்தத் திருப்பத்திலே பாரம் முழுக்க முன்பக்கம் இடது டயரிலே விழும்னு அவர்தான் எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கார். தங்கம்மாள் வயித்திலே இருந்ததையும் சேர்த்துக்கோங்கோ.

இப்போ ஏன் சொல்றேன்னு ஆச்சரியமா இருக்கு உங்களுக்கு. சந்தானகிருஷ்ணன் மேலே இரக்கமா? இல்லை. அந்த நாலு பேர் கனவிலே வர்றாளா? வரலை, நன்னாத் தூங்கறேன். நேத்து அவர் ஸ்டேஷனுக்கு வந்து உங்ககிட்டே எழுதிக் குடுத்தாரே, அதனாலே. திரும்பி வந்து கூடத்திலே அந்தக் கேஜை மடியிலே வெச்சுண்டு உட்கார்ந்திருந்தார். நான் கேட்டேன், என்ன எழுதினேள்னு. "என் கண்ணுதான் காரணம். நம்பரை நான் தப்பாப் படிச்சேன். வெட்டைப் பார்க்கத் தவறினேன். என்னை நம்பி வீரையன் மாட்டினான். நாங்க ரெண்டு பேரும் பார்த்தோம், ரெண்டு பேரும் விட்டுட்டோம்"னார். அதைச் சொல்லிட்டு வீரையன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

நாங்க ரெண்டு பேரும். நம்பர் போட்டது யார், சந்தனம் இட்டது யார்னு அவருக்குத் தோணவே இல்லை. நான் பக்கத்திலே நின்னுண்டுதான் இருக்கேன். அந்தக் காகிதத்திலே என் பேர் ஒரு இடத்திலேயாவது இருக்கான்னு நீங்களே சொல்லுங்கோ. இருக்காது. செத்தவனோட சேர்ந்து ஜெயிலுக்குப் போறதுக்குக் கூட அவருக்கு மனசு இருக்கு. அதை நான் விடறதாயில்லை. அது அவனோட பாதி இல்லை, அவரோட பாதியும் இல்லை. முழுக்க என்னோடது.

புடவை மாத்திண்டு வர்றேன், கூட்டிண்டு போங்கோ. கொண்டை ஊசி சமையலறை மாடத்திலே இருக்கு, கூழ் ஒட்டிண்டு அப்படியே இருக்கு, எடுத்துக்கோங்கோ. அவர் பின்கட்டிலே படுத்துண்டிருக்கார். அவர்கிட்டே நான் போனப்பறம் ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்கோ. அவர் உள்ளங்கையாலே தடவிப் பார்த்தும் அந்த வெட்டு தெரியலை. அவர் கத்துக் குடுத்த கை. வீரையனுக்கு இத்தனை நன்னா வந்திருக்காது.